சிவகாசியிலிருந்து மதுரைக்கு, மகாவின் தலையைப் படம் எடுக்க

வழக்கமாக இந்தப் பக்கத்தில் குற்றாலம், பிளவக்கல் அணை, அய்யனார் அருவி என்று எழுதிக்கொண்டிருப்பவன் நான். எந்தக் கடையில் புரோட்டா நன்றாக இருக்கும், எந்த பஸ் ஸ்டாண்டு கழிப்பறைக்குள் மூக்கைப் பொத்தாமல் போகலாம் என்பதுதான் இதுவரை என் ஆராய்ச்சி. போன மாதம் சாத்தூரிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய பையனுக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு. ஆபரேஷனுக்கு முன்னால் மூளையை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்து வரச் சொல்லியிருக்கிறார்களாம். "உங்கள் மகளுக்கு எடுத்தீர்கள் என்று கேள்விப்பட்டேன். எப்படிப் போனீர்கள், எவ்வளவு ஆகும், காலையில் போனால் சாயங்காலம் திரும்பிவிடலாமா?" என்று கேட்டிருந்தார்.

திரும்பிவிடலாம் சார். நாங்களும் அன்றே திரும்பி வந்தோம். ஆனால் நாலு வரியில் பதில் எழுதிவிட்டு நிம்மதியாக இருக்க என்னால் முடியவில்லை. அந்தப் பயணத்தில் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். அதையும் சேர்த்துச் சொன்னால்தான் உங்களுக்குப் பிரயோஜனம்.

நடந்தது 2008 ஆவணியில். நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பட்டாசு லேபிள் டிசைன் செய்கிறேன். மனைவி சாந்தி, விஸ்வநத்தத்தில் அவளுடைய அண்ணன் நடத்தும் கம்பி மத்தாப்பு கம்பெனியில் பேக்கிங் பார்க்கிறாள். ஒரே மகள் மகாலட்சுமி, எங்களுக்கு மகா. அப்போது அவளுக்கு எட்டு வயது. பிறக்கும்போதே இதயத்தில் ஓட்டை, நுரையீரலுக்குப் போகிற குழாயும் குறுகல். கெட்ட ரத்தம் நல்ல ரத்தத்தோடு கலந்து உடம்புக்குப் போவதால் உதடும் நகமும் நாவற்பழம் தின்ற மாதிரி இருக்கும். கைக்குழந்தையாக இருந்தபோது சென்னையில் ஒரு தற்காலிக ஆபரேஷன் ஆனது. பெரிய ஆபரேஷனை, எடை ஏறட்டும், பரீட்சை முடியட்டும் என்று நாங்களே தள்ளிக்கொண்டு வந்தோம்.

ஒருவழியாக நாள் குறிக்கலாம் என்று போனபோதுதான் இதய டாக்டர் மூளை ஸ்கேன் கேட்டார். இதயத்துக்கு வைத்தியம் செய்ய மூளையை எதற்குப் பார்க்க வேண்டும் என்று எனக்குக் குழப்பம். அவர் பொறுமையாகச் சொன்னார். இப்படிப் பிறந்த பிள்ளைகளுக்கு ஆக்சிஜன் குறைவால் மூளையில் சின்னச் சின்னத் தழும்புகள் இருக்கலாம். சில சமயம் கருவிலேயே வந்திருக்கும், சில சமயம் கைக்குழந்தைப் பருவத்தில் வந்திருக்கும். இதயத்தை நிறுத்தி மெஷினில் ரத்தத்தை ஓட்டுவதற்கு முன்னால் அங்கே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். இன்னொன்றும் சொன்னார். மகா பத்துப் பதினைந்து நாளாக அவ்வப்போது தலைவலி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நாங்கள் கண்ணாடி போட வேண்டியிருக்கும் என்று நினைத்தோம். அவர், "அதையும் சேர்த்துப் பார்த்துடுவோம்" என்றார்.

பஸ்ஸில் போவதென்றால் சிவகாசியிலிருந்து மதுரைக்கு நேர் வண்டி கிடைக்கும், ஆனால் நெரிசலில் இந்தப் பிள்ளையை நிற்க வைக்க முடியாது. விருதுநகர் அமீது பாயின் இண்டிகாவைப் பேசினேன். போய் வர ஆயிரத்து நூறு, காத்திருப்புக்கு இருநூறு. பாய் வீட்டில் எல்லோரும் மிளகாய் வியாபாரம். இவர் மட்டும் தும்மல் தாங்காமல் வண்டி ஓட்ட வந்துவிட்டதாகச் சொல்வார். புதன்கிழமை காலை ஐந்து பத்துக்குப் புறப்பட்டோம். மயக்க மருந்து கொடுப்பார்கள் என்பதால் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றும் தரக்கூடாது, வெறும் தண்ணீர் மட்டும் ஸ்கேனுக்கு இரண்டு மணி நேரம் முன்பு வரை கொடுக்கலாம், கொடுக்கத்தான் வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு ரத்தம் கெட்டியாக இருக்கும், தண்ணீர் குறைந்தால் ஆபத்து. உங்கள் டாக்டரிடம் மணிக்கணக்கை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆமத்தூர் தாண்டியதும் மகா பசிக்கிறது என்று அழ ஆரம்பித்தாள். அழுதால் நீலம் கூடும். உதடு கறுத்து மூச்சு வாங்கியது.

"தம்பி, ஓரங்கட்டவா? பிள்ளை ஒரு மாதிரியா இருக்கே" என்றார் பாய்.

"நிறுத்துங்க பாய். குத்தவச்சு உக்கார வச்சாச் சரியாப் போகும்."

சாந்தி அவளை இறக்கி, முழங்காலை நெஞ்சோடு மடக்கிக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். இப்படி உட்கார்ந்தால் நுரையீரலுக்கு ரத்தம் கூடுதலாகப் போகும் என்பது மகாவுக்கு நடை பழகிய நாளிலிருந்தே தானாகத் தெரியும். ஏழெட்டு நிமிடத்தில் நிறம் திரும்பியது. பாய் அதுவரை ரோட்டுப் பக்கம் மறைத்து நின்றுகொண்டு, "தங்கச்சி, பதறாதீக. எம்புட்டு நேரம் ஆனாலும் ஆகட்டும். மதுரை எங்கயும் ஓடிப் போயிராது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். உங்களுக்கும் இப்படி ஒரு டிரைவர் வாய்க்க வேண்டும். அவசரக்குடுக்கைகளை இந்த மாதிரிப் பயணத்துக்குக் கூப்பிடாதீர்கள்.

விருதுநகருக்குள் நுழையும்போது ஆறு ஐந்து. மிளகாய் மூட்டை அடுக்கிய கிட்டங்கிகள் பக்கம் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள், நெடி ஏறி இருமினால் பிள்ளைக்கு நல்லதில்லை. அங்கிருந்து நாற்கரச் சாலை. வேலை அங்கங்கே பாக்கி இருந்ததால் இரண்டு இடத்தில் மண் பாதையில் இறங்கி ஏறினோம். ஏழு இருபதுக்கு மதுரை. மொத்தம் எழுபத்தைந்து கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதல்.

ஸ்கேன் மையத்தின் பெயரை எழுதப் போவதில்லை. தப்பு அவர்களுடையது இல்லை. சாந்தி பழைய ரிப்போர்ட்டுகளை ஜெராக்ஸ் எடுக்க வெளியே போனாள். நானும் மகாவும் மட்டும் உள்ளே போனோம். படம் எடுக்கிறவர் முப்பது வயது இளைஞர், சிரித்த முகம். பாரத்தில் ஊரைப் பார்த்தார்.

"சிவகாசியா சார்? பாப்பாவும் வெடி சுத்துமா?"

விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் எனக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. வெளியூர்க் கல்யாணத்துக்குப் போனாலும் ரயிலில் பேச்சுக் கொடுத்தாலும் இதே கேள்வி. கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. பிள்ளைகள் வெடிமருந்துக் கையோடு வேலை பார்த்ததை எங்கள் ஊரில் நானே பார்த்திருக்கிறேன். அதனால்தான் அவ்வளவு தைக்கிறது போலிருக்கிறது.

"எங்க ஊர்ல பிள்ளைக பள்ளிக்கூடத்துக்குத்தான் போகுது. தெரியாமப் பேசாதீங்க" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

அவர் முகம் வாடிப்போய், "தப்பா எடுத்துக்காதீங்க சார்" என்று சொல்லிவிட்டுப் பாரத்தை வரிசையாகக் கேட்க ஆரம்பித்தார். ஹேர்கிளிப், தோடு, தாயத்து, அரைஞாண். பழைய ஆபரேஷனில் வைத்த கிளிப் விவரம். எல்லாம் சரி. அடுத்து, "லேத், வெல்டிங், பட்டாசு, இரும்புத்தூள் படுற மாதிரி இடத்துக்குப் பாப்பா போறதுண்டா?"

இதுதான் அந்த இடம். மகா தினமும் பள்ளிக்கூடம் விட்டு நாலரை மணிக்கு நேராக மாமா கம்பெனிக்குத்தான் போவாள். வேலைக்கு இல்லை. வீட்டில் தனியாக விட்டால் நீலம் வரும்போது யார் பார்ப்பது? அம்மா மத்தாப்புக் கட்டை அட்டைப்பெட்டிக்குள் அடுக்க, இவள் பக்கத்தில் குப்பை லேபிளைத் திருப்பிப் போட்டுப் படம் வரைந்துகொண்டிருப்பாள். கம்பி மத்தாப்பில் பொறி பறப்பதே இரும்புத்தூளால்தான். காற்றடித்தால் பேக்கிங் ஷெட்டு வரைக்கும் வரும். இவ்வளவும் எனக்குத் தெரியும். லேபிளில் போடும் எச்சரிக்கை வாசகத்தை எழுதுகிறவனே நான்தான்.

ஆனால் பட்டாசு கம்பெனிக்குள் பிள்ளை கால் வைக்கவே கூடாது. இன்ஸ்பெக்ஷன் வந்தால் மச்சானுடைய லைசென்சுக்கே ஆபத்து. எங்கள் பக்கம் எந்த கம்பெனி கேட்டில் யார் கேட்டாலும், கேள்வி முடிவதற்கு முன்பே "பிள்ளைக இங்கன வர்றதில்ல" என்று பதில் வந்துவிடும். அதோடு நான் அப்போதுதான் அந்த இளைஞரிடம் வீராப்பாகப் பேசி முடித்திருந்தேன்.

"இல்லை" என்றேன். அவர் டிக் அடித்தார். நான் கையெழுத்துப் போட்டேன்.

எட்டே முக்காலுக்கு மயக்கம் கொடுத்தார்கள். சாந்தி பணம் கட்டும் வரிசையில் நின்றபோது, ஒன்பது மணி ஐந்து நிமிடத்துக்கு அந்த இளைஞர் வெளியே என்னிடம் வந்தார். "தலைகிட்ட ஏதோ மெட்டல் இருக்கு சார். படத்துல வலப்பக்கம் மேல பூரா கறுப்பா அடிச்சிருது. எதுவும் தெரியலை." உள்ளே போய்ப் பின்னலை அவிழ்த்துப் பார்த்தார்கள். கிளிப் இல்லை. எண்ணெய் தேய்த்த கறுப்பு முடியில் கறுப்புத் தூள் யார் கண்ணுக்குத் தெரியும்? மறுபடி வந்து கேட்டார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார், இரும்புத்தூள், இல்லாட்டி தலைக்கு டை, ஏதாச்சும்?" சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தேன். ஆனால் கையெழுத்துப் போட்டாயிற்றே, இப்போது மாற்றிச் சொன்னால் என்ன நினைப்பார்? "இல்ல சார், உங்க மெஷின்ல ஏதாச்சும் கோளாறா இருக்கும்" என்றேன். மெஷினில் கோளாறாம்! நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அதற்குள் மகாவுக்கு ஆக்சிஜன் இறங்க ஆரம்பித்ததால் மயக்க டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார். இதயக் கோளாறுள்ள பிள்ளைக்கு மயக்கம் கொடுக்கிற அந்த டாக்டர் அங்கே வருவது வாரத்தில் இரண்டு நாள்தான். அடுத்து இடம் கிடைத்தது எட்டு நாள் கழித்து, வியாழக்கிழமை. "நடுவுல காய்ச்சல், வாந்தி, வலிப்புன்னா உடனே வந்துருங்க" என்று எழுதிக் கொடுத்தார்கள். பகல் இரண்டு மணிக்கு வீட்டில் இருந்தோம். வழியில் திருமங்கலத்தில் மகா மூன்று இட்லி சாப்பிட்டாள்.

இடைப்பட்ட நாளிலும் அவள் பள்ளிக்கூடம் போனாள், கம்பெனிக்கும் போனாள். தீபாவளி சீசன், ஆர்டர் குவிந்து கிடந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் டம்ளரைக் கீழே போட்டாள். "கையில வலுவில்லப்பா" என்றாள். களைப்பு என்று நினைத்தேன். புதன்கிழமை காலையில் சீருடை மாட்டிக்கொண்டிருந்தவளுக்கு இடது கை வெட்டி வெட்டி இழுத்தது. பிறகு உடம்பெல்லாம்.

மறுபடியும் அமீது பாய். விருதுநகரிலிருந்து அவர் வந்து சேரக் காத்திருக்காமல் மச்சான் வேனில் ஏற்றி, ஆமத்தூரில் பாய் வண்டிக்கு மாற்றினோம். அதே சாலையை ஒரு மணி பத்து நிமிடத்தில் கடந்தார். வழியெல்லாம் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். "தலையை நேராப் பிடிச்சுக்கோங்க தம்பி."

பெரிய ஆஸ்பத்திரியில் உடனே சி.டி. எடுத்தார்கள். மூளையின் வலப்பக்கம் மேலே வளையல் மாதிரி ஒரு வட்டம். சீழ்க்கட்டி. நம் உடம்பில் ரத்தத்தில் சேரும் கிருமியை நுரையீரல் சல்லடையாக நின்று பிடித்துவிடுமாம். மகாவுக்குக் கொஞ்சம் ரத்தம் சல்லடைக்குப் போகாமல் ஓட்டை வழியாகவே தலைக்கு ஏறிவிடுகிறது. ஒரு சொத்தைப் பல் போதும் என்றார் டாக்டர். அவளுக்கு இரண்டு இருந்தன. அன்றைக்கே மொட்டை அடித்து, துளையிட்டுச் சீழை எடுத்தார்கள். ஆறு வாரம் ஊசி மருந்து.

நாலு நாள் கழித்து எடுத்த எம்.ஆர்.ஐ. பளிச்சென்று வந்தது. மொட்டைத் தலையில் கறுப்பு எங்கிருந்து வரும்? படம் பார்க்கிற டாக்டர் வார்டுக்கே வந்து விளக்கினார். சீழ் வற்றிக்கொண்டிருந்தது. அதைத் தவிர, வெள்ளைப் புள்ளிகளாகச் சில பழைய தழும்புகள். கைக்குழந்தையாக இருந்தபோதோ அதற்கும் முன்போ வந்தவை. "இவ எழுதுறதுக்கு நேரமாகுமே, ஒண்ணைச் சொன்னா உடனே பிடிபடாதே?" என்று அவரே கேட்டார். அப்படித்தான். சோம்பேறிக் கழுதை என்று வீட்டுப்பாடத்தின்போது நான் எத்தனை நாள் திட்டியிருக்கிறேன்! "முதல்ல வெளியில எடுத்த படத்தையும் பாத்தேன். அதுல வந்த கறுப்பு முடியில இருந்த ஏதோ உலோகத்தூள்" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

சாந்திக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "மத்தாப்பு மருந்து!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "சனியன் பிடிச்ச மருந்து. தலையை அலசாம எண்ணெயத் தேச்சுப் பின்னிக் கூட்டியாந்தேனே பாவி. ஒருத்தராச்சும் கேட்டிருக்கக்கூடாதா? கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே." மகா கட்டிலில் தலையில் கட்டோடு விழித்துப் படுத்திருந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் மனைவி செய்யாத தப்புக்காக அழுதாள், நான் கேட்டுக்கொண்டு நின்றேன். அன்றைக்கு மட்டுமில்லை. ஊருக்கு வந்தபிறகும் யாரைப் பார்த்தாலும், "எந் தப்புத்தான்" என்பாள். நானும் உம் கொட்டினேன்.

இரண்டு மாதம் கழித்து மறுபரிசோதனைக்குப் போனபோது அந்த ஸ்கேன் டாக்டரைத் தனியாகப் பார்த்து நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா தலைக்குக் குளிப்பாட்டிக் காய வச்சிருப்பாங்க. அரை மணி நேரம் ஆகியிருக்கும்" என்றார்.

"கட்டி அப்பவே தெரிஞ்சிருக்குமா சார்?"

"தெரிஞ்சிருக்கலாம். தெரியாமலும் போயிருக்கலாம். அந்த இடம்தான் படத்துலயே இல்லையே."

இதற்குமேல் அவரிடம் கேட்க ஒன்றும் இல்லை. மகா பிழைத்தாள். பெரிய ஆபரேஷனும் ஆகிவிட்டது, இப்போது உதடு சிவப்பாகவே இருக்கிறது. இடது கை மட்டும் முழுதாக வரவில்லை. விரல்கள் பாதி மடங்கியே இருக்கின்றன. பொத்தானை ஒரு கையால் போடப் பழகிவிட்டாள், தலை பின்ன அம்மா வேண்டும். பிசியோதெரபிக்கு வாரம் ஒருமுறை விருதுநகர் போகிறோம்.

சாத்தூர்க்காரரே, உங்களுக்கு நான் சொல்வது இதுதான். கார் வைத்துக்கொள்ளுங்கள், ஐந்து மணிக்கே கிளம்புங்கள், காலை வெயில் ஏறுமுன் போய்ச் சேரலாம். ஸ்கேனுக்கு எங்களிடம் மயக்க மருந்தோடு ஆறாயிரத்து ஐந்நூறு வாங்கினார்கள். பழைய ஆபரேஷன் பேப்பர் அசலையும் கொண்டுபோங்கள், உள்ளே என்ன கிளிப் வைத்தார்கள் என்று கேட்பார்கள். முதல் நாளே பையனின் தலையைச் சீயக்காய் போட்டு இரண்டு தடவை அலசிவிடுங்கள். எண்ணெய், விபூதி, மை ஒன்றும் வேண்டாம். துவைத்த புதுத் துணியும் துண்டும் தனிப் பையில். பல் டாக்டரிடம் காட்டிவிட்டீர்களா? ஆனால் பல் பிடுங்குவதற்கு முன்னால் இதய டாக்டரைக் கேளுங்கள், மருந்து கொடுத்துத்தான் செய்ய வேண்டும். தலைவலி என்று பிள்ளை சொன்னால் கண்ணாடிக் கடைக்கு ஓடாதீர்கள்.

நீங்கள் சாத்தூர். உங்கள் வீட்டிலும் யாராவது தீப்பெட்டி வேலைக்கோ பட்டாசு வேலைக்கோ போகிறவர்களாக இருப்பார்கள். கேட்கிறவர் கிண்டலாகக் கேட்டாலும் சரி, உள்ளதைச் சொல்லுங்கள். ஊர் மானம் அந்த மெஷின் முன்னால் ஒன்றும் போய்விடாது. ஸ்கேன் எடுக்கிறவர் போலீஸ் இல்லை, லேபர் ஆபீசர் இல்லை. இது எனக்கு அன்று தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் சொன்னேன்.

இதையெல்லாம் இணையத்தில் ஏற்றுவதற்கு முன்னால் சாந்தி தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. நேரில் சொல்ல நாக்கு எழவில்லை. அச்சகத்தில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் கொடுத்தேன். மகா பக்கத்து வீட்டில் டிவி பார்க்கப் போயிருந்தாள். சாந்தி நின்றுகொண்டே படித்தாள். ஸ்கேன் மையம் வரும் பக்கத்தை இரண்டு தடவை படித்தாள். கத்துவாள், தாளைக் கிழித்து என் மூஞ்சியில் வீசுவாள், அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவாள் என்று என்னென்னவோ நினைத்து உட்கார்ந்திருந்தேன்.

"நீங்க இல்லைன்னு சொன்னப்ப பிள்ளை எங்கன இருந்தா?" என்று கேட்டாள்.

"எம் பக்கத்துலதான். எங் கையப் பிடிச்சுக்கிட்டு நின்னா."

சாந்தி தாளை மடித்து மடித்துச் சின்னதாக்கினாள். பிறகு சொன்னாள்.

"நான் ஆஸ்பத்திரியில தலையில அடிச்சுக்கிட்டு அழுதப்ப அவ முழிச்சுத்தான படுத்திருந்தா? அப்பா பொய் சொன்னாகன்னு அன்னைக்கிருந்து இன்னைக்கு வரைக்கும் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை பாருங்க."